வாயைத் தவிர மற்றதெல்லாம் நலம்

மேற்குத் தாம்பரம்
22.1.2024

அன்புள்ள ஞானத்துக்கு,

இங்கு வாயைத் தவிர மற்றதெல்லாம் நலம். அங்கு நீயும் துரையும் நலந்தானே?

நீ பலமுறை ஃபோன் செய்ததாகச் சுகுமார் சொன்னான். கோபத்தில் எடுக்காமல் இருக்கவில்லை. பேச முடியவில்லை. ஐப்பசியிலிருந்து வாயெல்லாம் புண். பல் டாக்டர், பல்செட் உரசுகிறது என்று அதைத் தேய்த்துத் தேய்த்துக் கொடுத்தார். இன்னொருவர் வைட்டமின் குறைவு என்றார். கடைசியில் எப்சிதான் தோல் டாக்டரிடம் காட்டலாம் என்றாள். வாய்க்கும் தோல் டாக்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். என் மருமகள் வாதாட மாட்டாள் என்பது உனக்குத் தெரியும். குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டுவிட்டு வந்து நின்றாள்.

நோயின் பெயர் பெம்ஃபிகஸ். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே தன் தோலை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறதாம். தோல் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்காமல் கழன்று, கொப்புளமாகி, உடைந்து புண்ணாகின்றன. யாருக்கும் தொற்றாது. நான் சாப்பிட்டதாலோ செய்ததாலோ வந்ததில்லை. மாத்திரைதான், நெடுநாள்.

டாக்டர் யார் தெரியுமா? என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்த ரேஷ்மா. முட்டி போட்டு நின்றால் பாவாடை தரையைத் தொட வேண்டும் என்பது எங்கள் கான்வென்ட் விதி. தொடாததற்காக அவளை ஒருநாள் பிரேயர் முடியும்வரை வெளியே நிறுத்தியிருக்கிறேன். என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து "குட் மார்னிங் மிஸ்" என்றாள். சுகுமாருக்குச் சிரிப்பு. மகனாயிற்றே, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் பதிலாக எல்லாவற்றையும் பேசினான். எனக்குத்தான் வாய் வலிக்கிறதே.

"வேற எங்கயாவது புண் இருக்கா மிஸ்?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

இனி எதையும் கடிதத்தில் சொல்கிறேன். எழுத நாக்கு வேண்டாம். நீயும் எழுது. கோடு போட்ட தாளில் எழுது. உன் வரிகள் மலை ஏறுகின்றன.

உன் அக்கா,
அபிதகுஜாம்பாள்

*

ராஜபாளையம்
5.2.2024

அன்புள்ள அக்காவுக்கு ஞானம் எழுதுவது.

நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் வாய் சீக்கிரம் சௌக்கியமாகட்டும். கோடு போட்ட தாள் வாங்கிவிட்டேன். திருப்தியா?

உறை மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று பயந்துவிட்டேன். இவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஒங்கக்கா போஸ்ட் ஆபீசைத் தூக்கி நிறுத்தணும்னு கெளம்பிட்டாகளா?" என்றார். உனக்கு வாய் வலி என்றதும் முதலில் எப்சிக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்றுதான் நினைத்தேன். பிறகு எனக்கே சங்கடமாகிவிட்டது. காரம் இல்லாமல் உன்னால் ஒரு வாய் சாப்பிட முடியாதே, என்ன செய்கிறாய்? மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்துத் தரச் சொல். ஆறிய பிறகு சாப்பிடு.

ஓடி வந்திருப்பேன். ராத்திரி முழுக்க ரயிலில் வருவதற்கு என் இடுப்பு சம்மதிக்கவில்லை. பனி விலகட்டும், பார்க்கலாம்.

ஒன்று கேட்கிறேன். வேறு எங்கும் இல்லை என்று டாக்டரிடம் தலையாட்டினாய், சரி. அதை எனக்கு எதற்கு எழுதினாய்?

ஞானம்

*

மேற்குத் தாம்பரம்
18.3.2024

அன்புள்ள ஞானத்துக்கு,

வாய் பரவாயில்லை. மற்றபடி நலம். அங்கு மழையே இல்லையாமே?

பதிலுக்குத் தாமதமாகிவிட்டது. மாத்திரையால் முகம் பூசணிக்காய் ஆகிவிட்டது. கண்ணாடியில் யாரோ ஒரு குண்டு அம்மாள் என் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். மூன்று வேளையும் கேழ்வரகுக் கஞ்சி. எப்சி அதை ஒரே பதத்தில் காய்ச்சுகிறாள். குறை சொல்ல இடமில்லை என்பதே எனக்குக் குறை. கான்வென்ட்டில் வளர்ந்த எனக்கு ஏசுநாதர் மேல் எந்த வருத்தமும் இல்லை. சுகுமார் அவளைக் கட்டிக்கொண்டு வந்தபோதுகூட நான் மதத்தைச் சொல்லி அழவில்லை. அவள் இந்த வீட்டில் சத்தமே போடாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு ஆகவில்லை.

தைப்பூசத்துக்குக் குன்றத்தூர் போகவில்லை. படி ஏற முடியாது என்று சொல்லிவிட்டேன். பேப்பரை நின்றுகொண்டே படிக்கிறேன். போன வாரம் மருந்துக்கடைக்கு ஆட்டோவில் போனேன். எங்கள் தெருமுனை சிட்டிபாபுதான் ஓட்டினான். மெதுவாகப் போகச் சொன்னேன். "மெதுவாத்தாம்மா போய்கினு கீறேன், ரோடுதான் குதிக்குது" என்றான். பாதி வழியில் நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்தே திரும்பினேன். "இன்னாம்மா, என் வண்டி மேல கோவமா?" என்று கூடவே கொஞ்ச தூரம் உருட்டிக்கொண்டு வந்தான். வேர்க்கிறது என்றேன்.

உன்னிடம் அம்மாவின் பழைய, மெல்லிய வாயில் துணிப் புடவைகள் இருக்குமே. நைந்தவையாக, கஞ்சி போடாதவையாக நான்கைந்து அனுப்பு. துடைக்கத் துணி வேண்டும். கேள்வி கேட்காதே.

அக்கா

*

ராஜபாளையம்
30.3.2024

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். உன்னை நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய், கேட்பதில் அர்த்தமில்லை.

புடவைகள் பார்சலில் வருகின்றன. அம்மாவின் ஊதாப்பூப் புடவையும் அதில் இருக்கிறது. அதைக் கிழித்தால் எனக்கு எழுதாதே. கேள்வி கேட்காதே என்றாய், கேட்கவில்லை. உன் வீட்டில் துடைக்கத் துணி இல்லை என்பதை நம்பிவிட்டேன்.

இவருடைய தம்பி மகள் கல்யாணம் போன வாரம் நடந்தது. நான் போகவில்லை. மண்டபத்தில் நாள் முழுக்க நிற்க வேண்டும் பார். "ஒடம்புக்கு என்ன?" என்று வந்தவர்களெல்லாம் இவரைக் கேட்டார்களாம். "வயசாகுதுல்ல" என்றாராம். எனக்கு எப்போதும் வயசாகிறது, அவருக்கு மட்டும் ஆவதில்லை.

நீ எழுதாததையும் சேர்த்துத்தான் நான் படிக்கிறேன், அக்கா. நீ எத்தனை நாள் நின்றுகொண்டே பேப்பர் படிப்பாய்?

ஞானம்

*

மேற்குத் தாம்பரம்
20.5.2024

அன்புள்ள ஞானத்துக்கு,

வாய் நலம். அதை மட்டும்தான் நலம் என்று எழுத முடியும். இந்தக் கடிதத்தைத் துரை இல்லாதபோது படி. படித்ததும் அடுப்பில் போடு.

என் வாய் ஆறிவிட்டது. ரேஷ்மா டார்ச் அடித்துப் பார்த்து "சூப்பர் மிஸ்" என்றாள். மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டாள். சுகுமார் அங்கிருந்தே யாருக்கோ ஃபோன் செய்து "அம்மா ஆல்ரைட்" என்றான். நான் புன்னகை செய்தேன்.

ஆறாத இடம் ஒன்று இருக்கிறது. அந்த இடத்துக்கு நம் வீட்டில் பெயரே இருந்ததில்லை. அம்மா "அங்கே" என்பாள். கன்னிகாஸ்திரீகள் அதையும் சொன்னதில்லை. கண்ணைக் கீழே தாழ்த்தினால் பாடம் முடிந்தது. மார்கழியிலிருந்தே எனக்கு அங்கேயும் புண். ஒன்றுக்குப் போனால் மிளகாய் அரைத்த கையை வைத்தது போல் எரிகிறது. உட்கார்ந்தால் வலி. உள்பாவாடை ஒட்டிக்கொள்கிறது, பிரித்தால் ரத்தம். அம்மாவின் புடவைகள் எதற்கென்று இப்போது தெரிந்திருக்கும். ஊதாப்பூவை இன்னும் கிழிக்கவில்லை. அந்தக் கோலத்தோடு முருகன் சன்னிதியில் எப்படி நிற்பேன்?

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். எதிரே நான் பாவாடை அளந்த பெண். அவள் கேட்கும்போதெல்லாம் என் தலை தானாக ஆடிவிடுகிறது. அதுவும் போகட்டும். உன் மாமா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. விதவைக்கு அந்த இடத்தில் நோய் என்றால் உலகம் என்ன நினைக்கும்? என்னை நினைக்கும், இல்லாவிட்டால் அவரை நினைக்கும். அவர் வாழ்நாளில் ஒரு சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் வெளியே போனதில்லை.

ஆனாலும் வலி தாங்கவில்லை. பெருங்களத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெண்களுக்கு இலவசப் பரிசோதனை முகாம் என்று நோட்டீஸ் வந்தது. கோயிலில் கதாகாலட்சேபம் கேட்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். எழுபத்தொரு வயதில் பொய் சொல்லிவிட்டு வெளியே போனேன், ஞானம். அங்கே திரை கட்டிய மூலையில் ஒரு லேடி டாக்டர். முன்பின் தெரியாதவள் என்பதே நிம்மதியாக இருந்தது. "புண்ணா இருக்கே, எத்தன நாளாம்மா?" என்றாள். இப்போதுதான் என்றேன். "வேற ஏதாவது வியாதி? மாத்திரை?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். வாய்ப்புண்ணைச் சொன்னால் எந்த டாக்டர் என்பாள். ரேஷ்மாவின் பெயர் வரும். ஃபோன் போகும். அப்புறம் சுகுமார் வரை போகும்.

உள்ளே குச்சி விட்டுத் தடவி எடுத்துக் கண்ணாடித் துண்டில் பூசினாள். முடிவைச் சொல்லி அனுப்புவார்களாம்.

இதை எழுதிவிட்டு எழுந்து முகம் கழுவினேன்.

அக்கா

*

ராஜபாளையம்
27.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை எரித்துவிட்டேன். இவர் "என்ன கருகுது?" என்று கேட்டார். அப்பளம் என்றேன். பொய் சொல்வது நம் குடும்பத்தில் நன்றாகவே வருகிறது.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வருகின்றன. அஞ்சு மாசமா! வாயில் புண் என்றால் தமுக்கடிக்கலாம், அங்கே என்றால் மறைக்க வேண்டுமா? இரண்டும் ஒரே உடம்புதானே? நாளைக்கே அந்தப் பெண் ரேஷ்மாவிடம் போ. சொல்ல வெட்கமாக இருந்தால் எழுதிக் கொடு. நீதான் நன்றாக எழுதுகிறவள் ஆயிற்றே. நோயை மறைத்து வைத்து எவளுக்கு என்ன லாபம்? மாமா பெயருக்கு ஒன்றும் வராது. அவர் பெயரைக் காப்பாற்ற அவரே அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை.

உடனே பதில் எழுது. தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஞானம்

*

மேற்குத் தாம்பரம்
12.7.2024

ஞானத்துக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும்.

உன் இரண்டு கார்டுகளும் வந்தன. கார்டில் அதை எழுதாமல் "அந்த விஷயம்" என்று எழுதியதற்கு நன்றி.

முகாமிலிருந்து கூப்பிட்டார்கள். போனேன். செல்கள் சந்தேகப்படும்படி இருக்கின்றனவாம். புற்றுநோயாக இருக்கலாம், சதை எடுத்துப் பார்க்க வேண்டும், கர்ப்பப்பையை எடுக்க வேண்டியும் வரலாம், வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். தாளைக் கொடுத்தார்கள். அதை மடித்து, ரேஷன் கார்டு வைக்கும் டப்பாவில் போட்டுவிட்டேன்.

யோசித்துவிட்டேன். எனக்கு ஆபரேஷன் வேண்டாம். ஊர் அறிய அந்த இடத்தைத் திறந்து காட்டிப் பிழைத்திருந்து நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சாவதற்கு நான் பயப்படவில்லை. எங்கே நோய் வந்து செத்தாள் என்று பேசுவார்களே, அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. கேட்பவர்களிடம் வயிற்றுக் கோளாறு என்று சொல். நீ சொன்னால் நம்புவார்கள்.

ஒன்றே ஒன்று செய். நான் போனதும் என்னைக் குளிப்பாட்டுவார்கள். தெருப் பெண்கள் வந்து நிற்பார்கள். எப்சியும் நிற்பாள். யாரையும் விடாதே. கதவைச் சாத்திவிட்டு நீ ஒருத்தியே குளிப்பாட்டு. ஊதாப்பூப் புடவையைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். அதை அப்போது உடுத்து.

செய்கிறேன் என்று ஒரு வரி எழுது. வேறு எதுவும் எழுதாதே.

அபிதா

*

ராஜபாளையம்
17.7.2024

அக்கா,

செய்யமாட்டேன்.

உன்னைக் குளிப்பாட்ட நான் வரமாட்டேன். நன்றாகக் கேட்டுக்கொள். உயிரோடு இருக்கும்போது உன் வாயைப் பார்க்கிற டாக்டருக்குக் காட்டாததைச் செத்த பிறகு நான் எதற்குப் பார்க்க வேண்டும்?

ஒரு டாக்டரிடம் மேல் பாதியைக் காட்டினாய். இன்னொருத்தியிடம் கீழ்ப் பாதியைக் காட்டினாய். அவளுக்கு இவளைத் தெரியாது, இவளுக்கு அவளைத் தெரியாது. முழு அபிதகுஜாம்பாளை யார் பார்த்தார்கள்? இதற்குப் பேர் வைத்தியமா?

நீ என்னோடு இனி பேசாவிட்டாலும் பரவாயில்லை. நான் எப்சிக்கு எழுதுகிறேன். இதே தபாலில்.

ஞானம்

*

மேற்குத் தாம்பரம்
26.7.2024

அன்புள்ள சித்திக்கு,

நீங்களும் சித்தப்பாவும் நல்லா இருக்கீங்களா? நான் யாருக்கும் லெட்டர் எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தா மன்னிச்சிடுங்க. அத்தை பார்த்தா சிவப்பு மையில திருத்துவாங்க.

உங்க லெட்டரை நான் வேலை பார்க்குற ஸ்கூல்ல, ஸ்டாஃப் ரூம்ல வச்சுப் படிச்சேன். கேன்சர்னு எழுதியிருந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். அது எனக்குத் தெரியாது. மத்தது தெரியும் சித்தி. பொங்கலுக்கு முன்னாடியே தெரியும். அத்தையோட துணி மெஷினுக்கு வர்றதே இல்லை. விடியறதுக்கு முன்னாடி எழுந்து பாத்ரூம்ல தனியா அலசுறாங்க. கொடியில புடவைக்கு அடியில மறைச்சுக் காயப் போடுறாங்க. வெயிலே படாது. நான் மாடிக்குப் போனா, அவசரமா எடுத்துச் சுருட்டிக்கிட்டு இறங்கிடுவாங்க, ஈரத்தோட.

கேட்டுடலாம்னு பல தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்டா அவங்க என்னைப் பார்க்குற பார்வையே போயிடும். என் முன்னாடி தலை நிமிர்ந்து நடக்கிறது ஒண்ணுதான் அவங்களுக்கு இந்த வீட்டுல மிச்சம். அதை நான் எப்படி எடுப்பேன்? ஆனா இப்படியே விட்டதும் என் தப்புதான்.

டாக்டருக்கு நானே முன்கூட்டி ஃபோன் பண்ணிச் சொல்லலாம். அது அவங்களைப் பின்னாலேருந்து பிடிச்சுத் தள்ளுற மாதிரி. அவங்களே சொல்லட்டும். சொல்றதுக்கு இடம் மட்டும் நான் பண்ணித் தரேன். வர்ற புதன்கிழமை டாக்டர்கிட்ட செக்கப் இருக்கு. என் வீட்டுக்காரரை எப்படி ரூமுக்கு வெளிய நிறுத்துறதுன்னு யோசிச்சிட்டேன். அன்னிக்கும் சொல்லலைன்னா, அப்புறம் நான் சொல்லிடுவேன்.

ஜெபம் பண்ணிக்கறேன் சித்தி. நீங்க உங்க சாமிகிட்ட சொல்லுங்க.

எப்சி

*

மேற்குத் தாம்பரம்
30.8.2024

அன்புள்ள ஞானத்துக்கு,

இங்கு நலமில்லை. ஆனால் எது நலமில்லை என்று இப்போது என்னைத் தவிர மூன்று பேருக்குத் தெரியும். நீ நலமா?

நீ எப்சிக்கு எழுதியதற்காக உன்னோடு பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். ஒரு மாதம் இருந்தும் காட்டினேன்.

அன்று ஆஸ்பத்திரியில் என் பெயரைக் கூப்பிடும்போது எப்சி சுகுமாரிடம், "வண்டி நோ பார்க்கிங்ல நிக்குது, போய் எடுங்க" என்றாள்.

"போர்டே இல்லியே, நான் பார்த்துத்தான நிறுத்தினேன்?"

"லாக் போட்டுட்டுப் போனா ஆயிரம் ரூபா. அப்புறம் எங்கிட்ட புலம்பக்கூடாது."

அவன் ஓடினான். அவள் என்னை உள்ளே உட்கார வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் "நான் வெளிய இருக்கேன் அத்தை" என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கோபம் வந்தது. கோபப்பட அறையில் யாரும் இல்லை, ரேஷ்மாவைத் தவிர.

அவள் வழக்கம்போல் வாயைப் பார்த்தாள். வழக்கம்போல், கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே, "வேற எங்கயாவது இருக்கா மிஸ்?" என்றாள். என் தலை ஆடப் பார்த்தது. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இருக்கு என்றேன்.

"எங்க மிஸ்?"

எனக்கு வார்த்தை வரவில்லை, ஞானம். முப்பத்திரண்டு வருஷம் ஊரார் பெண்களின் வார்த்தைகளைத் திருத்திய வாய் இது. வாயும் ஆறித்தான் இருந்தது. கையால் காட்டினேன். ஒன்றுக்கு வருகிறது என்று எல்.கே.ஜி. குழந்தை காட்டுமே, அப்படி.

அவள் தட்டுவதை நிறுத்திவிட்டாள். நர்ஸைக் கூப்பிட்டுத் திரையை இழுக்கச் சொன்னாள். என்னைப் படுக்க வைத்து, இடுப்பு வரை துணி போர்த்தினாள். நான் முட்டிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தேன். விலக்க முடியவில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை. "முட்டிக்கு மேல தெரியக்கூடாதுன்னு நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க மிஸ். இன்னிக்கு ஒரு நாள் பெர்மிஷன் குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். மேலே மின்விசிறியின் இறக்கையில் தூசி அப்பியிருந்தது. ஆஸ்பத்திரியில் இதைக்கூடத் துடைப்பதில்லையா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணீர் காதுக்குள் போனது. காட்டிவிட்டால் அவமானம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. அது என்னோடு படுத்திருந்தது, என்னோடு எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டது.

அதன் பிறகு அந்த முகாம் தாளைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். உன் கடிதம் வந்த அன்றே டப்பாவிலிருந்து எடுத்துப் பையில் வைத்திருந்தேன் என்பதை உனக்குச் சொல்லிவிடுகிறேன். அவள் படித்தாள். "இவங்ககிட்ட பெம்ஃபிகஸ் இருக்குன்னு சொன்னீங்களா மிஸ்?" என்றாள். இல்லை என்றேன். அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். வாயில் தோல் கழல்வது போலவே அங்கேயும், உள்ளே கர்ப்பப்பை வாயிலும் கழல்கிறது. பெண்களுக்கு இந்த நோய் அங்கே வருவது புதிதில்லையாம். பலர் சொல்லாமலே இருந்துவிடுகிறார்களாம். அப்படிக் கழன்ற செல்கள் பூதக்கண்ணாடியில் புற்றுநோய்ச் செல்களைப் போலவே தோன்றுமாம். இந்த நோய் இருப்பதைச் சொன்னால், பார்ப்பவர் அதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பார். சொல்லாவிட்டால் அவர் மேல் பிழை இல்லை. ஆக, என் புற்றுநோயை நானே உண்டாக்கிக்கொண்டேன்.

உறுதி செய்யச் சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு நேற்று வந்தது. புற்றுநோய் இல்லை. இந்த நோய்தான். மாத்திரை மறுபடியும் ஏறிவிட்டது. பூசணிக்காய் முகமும் திரும்பும். இத்தனை மாதம் விட்டதில் சில இடங்கள் ஒட்டிப்போய்விட்டன. ஒன்றுக்குப் போகும் சிரமம் கொஞ்சம் இருந்துகொண்டேதான் இருக்குமாம். "உங்க பையனை வெளிய அனுப்பிட்டுக் கேட்டிருக்கணும் மிஸ், எனக்குத் தோணல" என்றாள். அவள் முகம் எட்டாம் வகுப்பு முகமாகிவிட்டது.

மருந்தைக் காலையும் மாலையும் தடவ வேண்டும். கண்ணாடி வைத்துப் பார்த்துத் தடவச் சொன்னார்கள். என் கண்புரைக்கு எதுவும் தெரியவில்லை, கையும் நடுங்குகிறது. இரண்டு நாள் தவறான இடத்தில் தடவினேன். மூன்றாம் நாள் எப்சி கதவருகே வந்து, "நான் வரட்டுமா, இல்ல நர்ஸ் யாரையாவது ஏற்பாடு பண்ணட்டுமா அத்தை?" என்றாள். கையிலிருந்த கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நீயே வா என்றேன்.

நான் சுவரைப் பார்க்கிறேன். அவள் வேலையை மட்டும் பார்க்கிறாள். முதல் நாள் அந்த மௌனம் தாங்கவில்லை. சமையலறையில் குக்கர் கத்தியது. "எத்தன விசில் அத்தை அது?" என்றாள். "ரெண்டு. பருப்புக்கு இன்னும் ஒண்ணு விடணும்" என்றேன். அதிலிருந்து தினமும் அடுப்பில் குக்கரை வைத்துவிட்டுத்தான் வருகிறாள். முடிந்ததும் கை கழுவிக்கொண்டு போய் அடுப்பை அணைக்கிறாள். பருப்பு நேற்று குழைந்துவிட்டது. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சுகுமாருக்கு இன்னும் தெரியாது. தோல் வியாதி கொஞ்சம் கூடியிருக்கிறது என்று எப்சி சொல்லியிருக்கிறாள்.

இவ்வளவும் நடந்தது, நீ மட்டும் வரவில்லை. சாகப் போகிறேன் என்று எழுதியபோதும் வரவில்லை. குளிப்பாட்டக்கூட வரமாட்டேன் என்றாய். கோபத்தில் எழுதியது என்று எடுத்துக்கொண்டேன். ஆனாலும் தைரியம் சொல்லிச் சொல்லி எழுதியவளுக்கு ஒரு ராத்திரி ரயிலில் வர முடியவில்லையா?

அபிதா

*

ராஜபாளையம்
11.9.2024

அன்புள்ள அக்கா,

நீ பிழைத்தாய். அந்தச் செய்தி படித்ததிலிருந்து எனக்குப் பாதி நலம்.

மீதிப் பாதியை எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நீ அடுப்பில் போட வேண்டாம், எப்சி படிக்கலாம்.

கோபத்தில் எழுதவில்லை, அக்கா. உன்னைக் குனிந்து குளிப்பாட்ட என்னால் முடியாது. எனக்கு அடி இறங்கியிருக்கிறது. கர்ப்பப்பை. ஆறு வருஷம் இருக்கும். முதலில் குனிந்து தூக்கினால் மட்டும் வரும். இப்போது நின்றாலே வருகிறது. கையால் உள்ளே தள்ளிவிட்டுத்தான் கடைக்குப் போகிறேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் உரசிப் புண்ணாகிறது. கல்யாணத்துக்குப் போகாதது அதனால்தான். ரயில் ஏறாததும் அதனால்தான். இடுப்பு என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இவருக்கும் இடுப்புதான். தைலம் வாங்கிக்கொண்டு வந்து கொடுப்பார் பாவம், நானும் தேய்த்துக்கொள்வேன்.

உனக்கு அவ்வளவு எழுதினேனே, நோயை மறைத்து எவளுக்கு என்ன லாபம் என்று. எழுதி முடித்துவிட்டு எழுந்தபோது இறங்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தக் கையால்தான் உனக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன் என்று இருந்தது.

நீ கையால் காட்டினாய். என்னால் அதுகூட முடியுமா தெரியவில்லை. உன் ரேஷ்மாவுக்கு இந்த வைத்தியம் தெரிந்த யாரையாவது தெரியுமா? இந்த ஊரில் எல்லோருக்கும் இவரைத் தெரியும்.

வரிகள் மலை ஏறியிருந்தால் மன்னித்துக்கொள். படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஞானம்

*

மேற்குத் தாம்பரம்
15.9.2024

அன்புள்ள ஞானத்துக்கு,

நலம் விசாரிக்கவில்லை. தெரிந்துவிட்டது.

கீழ்ப் படுக்கை கிடைக்கும் தேதியாகப் பார்த்து டிக்கெட் போடு. துரையிடம், அக்காவுக்கு உடம்பு முடியவில்லை, நான் போயாக வேண்டும் என்று சொல். அது பொய் இல்லை. ராத்திரி முழுக்கப் படுத்தே வா. எழுந்து பையைத் தூக்காதே. தாம்பரத்தில் சுகுமார் பெட்டிக்குள்ளேயே வந்து எடுத்துக்கொள்வான். சிட்டிபாபுவின் ஆட்டோ வேண்டாம்.

ரேஷ்மாவிடம் கேட்டேன். அதே ஆஸ்பத்திரியில் மாடியில் ஒரு லேடி டாக்டர் இருக்கிறாராம். ஆபரேஷன் இல்லாமலே உள்ளே வளையம் வைத்துத் தாங்க வைக்கலாமாம். அது சரிப்படாவிட்டால்தான் மற்றது. பெயரை மட்டும் பதிவு செய்திருக்கிறேன். என்ன கோளாறு என்று கவுண்டரில் கேட்டார்கள். டாக்டரிடம் சொல்வாள் என்றேன்.

சொல்வது நீதான். உனக்குப் பதிலாக நான் பேசமாட்டேன். உள்ளே வந்து உட்கார் என்றால் உட்காருகிறேன், வெளியே இரு என்றால் எப்சியோடு பெஞ்சில் இருக்கிறேன். வார்த்தை வராவிட்டால் கையால் காட்டு. அவர்கள் அதற்கும் பழகியிருக்கிறார்கள்.

துரையும் கூட வருவதாக இருந்தால் வரட்டும். பெயரைக் கூப்பிடும்போது சுகுமார் வண்டியை எடுக்கப் போவான். துணைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போவான். எப்சி சொல்லிவிட்டாள்.

ஊதாப்பூப் புடவை பெட்டியில் இருக்கிறது. நைந்து மெத்தென்று இருக்கிறது. வந்ததும் நீ உடுத்திக்கொள்.

உன் அக்கா,
அபிதா